லங்கோபார்டு மொழியின் வேர்கள்

ஆசிரியருக்கு,

மறைந்த ஐரோப்பிய மொழிகளைப் பற்றிய தங்கள் ஞாயிறு இணைப்புக் கட்டுரை, லங்கோபார்டு மொழியை 'கோதிக்கின் கிளை' (கோதிக் என்பது கோத்தியர் என்ற பழைய ஜெர்மானிய இனத்தாரின் மொழி) என்று ஒரே வரியில் கடந்துவிட்டது வருத்தமளிக்கிறது. கி.பி. 1ஆம் நூற்றாண்டில் இன்றைய ஜெர்மனியின் எல்பே ஆற்றங்கரையில் வாழ்ந்த லங்கோபார்டு மக்கள், 568இல் அரசர் அல்போயின் தலைமையில் இத்தாலிக்குள் நுழைந்து, 774இல் பிராங்கு அரசர் சார்லமேனிடம் தோற்கும்வரை அங்கே ஆட்சி செலுத்தினர். இருந்தும் அவர்களது மொழியில் முழு நூல் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. 643இல் அரசர் ரோத்தாரி லத்தீனில் வெளியிட்ட சட்டத் தொகுப்பில், பெற்ற கொடைக்கு ஈடாகத் தரும் பொருளைச் சுட்டும் 'லௌனெகில்ட்' போன்ற சொற்கள் மொழிபெயர்க்கப்படாமல் நின்றதால்தான், அம்மொழியின் சிதறல்களாவது எஞ்சின.

அச்சிதறல்களே அதன் உறவையும் காட்டுகின்றன. மிருகங்களின் கோரைப்பல்லைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லான 'ட்சான்னா', லங்கோபார்டிலிருந்து வந்ததாகவே கருதப்படுகிறது. ஜெர்மன் மொழியில் பல்லுக்குப் பெயர் 'ட்சான்'. ஆங்கிலத்தின் 'டூத்' என்ற சொல்லில் மாறாமலிருக்கும் டகர ஒலி, இவ்விரண்டிலும் 'ட்ச' எனத் திரிந்திருக்கிறது. தென்ஜெர்மன் வழக்குகளுக்கே சிறப்பான இந்த ஒலித்திரிபு கோதிக்கில் இல்லை. ஆகவே லங்கோபார்டைத் தென்ஜெர்மன் வழக்குகளான பவேரிய, அலமானிய மொழிவழக்குகளுக்கு அருகில் வைப்பதே பொருத்தம் என்பது என் கருத்து. எல்பே கரையில் அது எப்படி ஒலித்தது என்பது வேறு கேள்வி, ஏனெனில் நம்மிடமுள்ள சான்றுகளில் பெரும்பாலானவை இத்தாலியில் எழுதப்பட்டவை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்