ஓமந்தையில் திருகிய அரை மணித்தியாலம்

ஆசிரியருக்கு வணக்கம்,

பழைய பட்டாளத்து மணிக்கூடுகளைப் பார்த்துச் செய்த இன்றைய சொகுசு மணிக்கூடுகள் பற்றிப் போன ஞாயிறு எழுதியிருந்தீர்கள். படத்தில் இருந்த அம்புக்குறியைக் கம்பனியின் சின்னம் என்று போட்டிருந்தீர்கள், அது பிழை. பிரித்தானிய அரசாங்கத்தின் சொத்து என்று காட்டுகிற குறி அது. 1945இல் ஒமேகா, லொஞ்சின் உட்பட 12 கம்பனிகள் பிரித்தானியப் படைக்கு ஒரே மாதிரிக் கைமணிக்கூடு செய்து கொடுத்தன: கறுப்பு முகம், வெள்ளை இலக்கம், ஆறு மணி இடத்தில் குட்டியாக ஒரு செக்கன் முள். யாரும் வடிவு பார்த்துச் செய்யவில்லை, இருட்டிலும் சேற்றிலும் நேரம் தெரிந்தால் போதும் என்று செய்தது. மினுங்குவதற்கு ரேடியம் பூசினார்கள், கதிரியக்கம் என்பதால் அதைப் பிறகு கைவிட்டார்கள்.

அந்தப் பூச்சு வருடக்கணக்கில் கிடந்து பழுப்பாகிப்போகும். இப்போது என்ன செய்கிறார்கள் என்றால், புதுப் பூச்சையே பழுப்பு நிறத்தில் கலந்து பூசி அதற்கும் சேர்த்துக் காசு வாங்குகிறார்கள். லொஞ்சின் ஒரு மாதிரியின் முகத்தில் கறுப்புப் புள்ளி தெளித்தே பழசாக்கியிருக்கிறது! புதுச் சாரத்தைக் கிழித்து விற்றால் எங்கள் சந்தையில் யார் வாங்குவார்கள்? (கிழிந்த ஜீன்ஸ் போடுகிற என் மகன் வாங்குவான், அது வேறு கதை.)

எங்களுக்கும் மணிக்கூட்டில் ஒரு கதை இருக்கிறது. 1996இல் அரசாங்கம் நேரத்தை முன்னுக்குத் தள்ளியபோது புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி பழைய நேரத்திலேயே நின்றுவிட்டது, 2006 ஏப்ரலில் கொழும்பு பழையபடி அந்த நேரத்துக்குத் திரும்பி வரும்வரைக்கும். 2002இல் போர்நிறுத்தம் வந்து பாதை திறந்த பிறகு, அரசாங்கப் பக்கம் இருந்த வவுனியாவுக்குப் போவதென்றால் ஓமந்தைச் சோதனைச்சாவடி வரிசையில் நிற்கும்போதே அப்பா தன் பழைய சீக்கோவின் திருகை நகத்தால் இழுத்து முள்ளை அரை மணித்தியாலம் முன்னுக்கு விடுவார், திரும்பி வரும்போது பின்னுக்கு. இழுத்து இழுத்தே திருகின் பல்லெல்லாம் மழுங்கிவிட்டது.

அந்த மணிக்கூடு இப்போது என்னிடம். கண்ணாடி முழுக்கக் கீறல். போன மாதம் கிளிநொச்சியில் மணிக்கூடு திருத்துகிறவர், "பழசுக்கு இப்ப நல்ல மவுசு, இப்படியே விடுங்கோ" என்றார். நான் கண்ணாடியை மாற்றச் சொல்லிவிட்டேன், முள்ளே தெரியவில்லை.

வாசகர் ஒருவர்,
கிளிநொச்சி