பன்னீர்ச் சொம்பு பிடிப்பதற்கா பேரவை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் சென்ற வாரக் கல்வி இணைப்பில், கல்லூரியில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு வழங்கியிருந்த அறிவுரைகளுக்கு நடுவே, 'மாணவர் பேரவையில் ஏதேனும் ஒரு பொறுப்பைப் பெற்றுக்கொள்ளுங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அது உங்கள் தன்விவரக் குறிப்புக்கு அழகு சேர்க்கும்' என்றொரு வாக்கியத்தைப் படித்தேன். எழுதியவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பார். ஆனால் 'பெற்றுக்கொள்ளுங்கள்' என்ற அந்தச் சொல்லைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. நான் படித்த காலத்தில் பேரவைப் பொறுப்பு யாரும் கொடுத்து யாரும் பெற்றுக்கொள்வதாக இருக்கவில்லை. வகுப்பு வகுப்பாக ஏறி இறங்கி வாக்குக் கேட்க வேண்டும், பலர் முன்னிலையில் தோற்கவும் துணிய வேண்டும்.

1988-89 கல்வியாண்டில், தென்மாவட்டம் ஒன்றில் உள்ள மகளிர் கல்லூரியில் நான் பேரவைத் தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டேன். அப்போது எனக்கு வயது 20. அதே கல்வியாண்டில், 1989 ஜனவரியில் தமிழகச் சட்டமன்றத் தேர்தல் நடந்தபோது எனக்கு வாக்கு இல்லை. வாக்குரிமை வயது 21 ஆக இருந்தது. அரசியலமைப்பின் 61ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்து அது 18 ஆனது இரண்டு மாதம் கழித்து, மார்ச் மாத இறுதியில்தான் என்பதைத் தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாட்டை ஆள்வோரைத் தேர்ந்தெடுக்க வயது போதாது என்று சட்டம் என்னை ஒதுக்கி வைத்திருந்த அந்த நாளிலும், என் கல்லூரிக்குள் எனக்கு ஒரு வாக்கு இருந்தது. இன்று கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் என் இளைய மகளுக்கு நாடாளுமன்றம் முதல் உள்ளாட்சி வரை எல்லாவற்றுக்கும் வாக்கு உண்டு. அவள் படிக்கும் கல்லூரியில் மட்டும் கிடையாது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கடந்து நாம் அடைந்திருக்கும் முன்னேற்றம் இது.

பேரவை என்ன செய்தது என்று தங்கள் கட்டுரையாளர் கேட்கக்கூடும் என்பதால், ஒரு கணக்கை மட்டும் சொல்கிறேன். எங்கள் விடுதியில் 'டிவைடிங் சிஸ்டம்': மாதச் செலவு மொத்தத்தையும் கூட்டித் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துவிடுவார்கள். தீபாவளிக்கு விடுதியை ஆறு நாள் பூட்டியிருந்தார்கள். நவம்பர் மாத மெஸ் பில்லை அறிவிப்புப் பலகையில் ஒட்டியபோது தொகை எனக்கு உறுத்தியது. பேரவைத் தலைவி என்ற உரிமையில் கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கி, சமையற்கட்டு வாசலில் இருந்த அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்து புரட்டினேன். பால் வரவு, நாளொன்றுக்கு 30 லிட்டர், லிட்டர் நான்கு ரூபாய். ஒன்றாம் தேதி முதல் முப்பதாம் தேதி வரை ஒரு நாள் விடாமல் ஒரே நீல மையில், ஒரே கையெழுத்தில் எழுதியிருந்தது. ஆறு நாளுக்கு 720 ரூபாய். விடுதியில் இருந்தோர் 96 பேர். ஆக, தலைக்கு ஏழரை ரூபாய். 'பூட்டியிருந்த விடுதியில் பால் குடித்தது யார், மேடம்?' என்று நான் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். டிசம்பர் பில்லில் ஏழரை ரூபாய் கழிக்கப்பட்டது. அந்த ஏழரை ரூபாய்க்காகக் காப்பாளர் அம்மையார், நான் கல்லூரியை விட்டு வெளியேறும் வரை என்னை ஏழரைச் சனியைப் பார்ப்பது போலவே பார்த்தார் என்பது வேறு விஷயம். என்னைத் துணிச்சல்காரி என்று சொல்லிக்கொள்ள இதை எழுதவில்லை. கேட்ட பெண்ணை நீக்கும் அதிகாரம் கேட்கப்பட்டவரிடம் இல்லை. என்னை அமர்த்தியவர்கள் அந்தத் தொண்ணூற்றாறு பேரும் அவர்களுடைய வகுப்புத் தோழிகளும். அவ்வளவுதான் வேறுபாடு.

இனி என் மகளின் கதை. அவளுடைய கல்லூரியிலும் பேரவை இருக்கிறது. கட்டண ரசீதில் அதற்கெனத் தனியாக ஒரு வரியும் இருக்கிறது. மதிப்பெண் பட்டியலோடு நேர்காணலுக்கு அழைத்து அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். குறுக்கே பட்டையும் நெஞ்சில் பேட்ஜும் அணிவித்து, மேடையேற்றி உறுதிமொழி எடுக்க வைத்தார்கள். நானும் முன்வரிசையில் அமர்ந்து கைதட்டினேன். அதன்பின் அவள் ஆற்றிய பணி, சிறப்பு விருந்தினர் வரும் நாட்களில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாயிலில் பன்னீர்ச் சொம்போடு நிற்பதும், பொன்னாடைத் தட்டை மேடைக்கு ஏந்திச் செல்வதும்தான். ஒருமுறை, மூன்றாம் மாடிக் கழிப்பறையில் மதியத்துக்குப் பின் தண்ணீர் வருவதில்லை, இரண்டு கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று எழுதிக் கொடுத்தாள். 'பேரவை கல்லூரிக்கு நல்ல பெயர் வாங்கித் தருவதற்காக, புகார் எழுதுவதற்காக அல்ல' என்று விடை வந்தது. அடுத்த விழாவின் பணிப்பட்டியலில் அவள் பெயர் இல்லை. தன்விவரக் குறிப்பில் அழகுக்குக் குறைவில்லை. பட்டை இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது.

'தேர்தல் என்றால் கல்லூரியில் சைக்கிள் செயின் சுழலும்' என்று சில ஆண்டுகளுக்கு முன் தங்கள் இதழே ஒரு கட்டுரையில் எழுதியிருந்தது. அதை மறுத்து நான் அனுப்பிய கடிதத்தை நான்கு வரியாகச் சுருக்கி, நான் தங்கள் கட்டுரையைப் பாராட்டியது போல வெளியிட்டீர்கள், போகட்டும். தேர்தலில் சண்டையே வந்ததில்லை என்று நான் சாதிக்கவில்லை. எங்கள் கல்லூரியிலேயே விடுதிப் பெண்களுக்கும் வெளியிலிருந்து வந்து படித்தவர்களுக்கும் பேச்சு நின்று போனது. என்னை எதிர்த்து நின்ற தோழி நான்கு மாதம் என் முகம் பார்க்கவில்லை. இவற்றையெல்லாம் ஆராய்வதற்காகத்தானே முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையில் ஒரு குழுவே அமைத்தார்கள்? வேட்பாளர் ஒருவர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது, அச்சடித்த சுவரொட்டி கூடாது, 75 விழுக்காடு வருகை வேண்டும், போட்டியிடும் ஆண்டில் அரியர் இருக்கக் கூடாது, வெளியாட்கள் நுழையக் கூடாது என்றெல்லாம் அக்குழு வரையறுத்ததையும், அவற்றைச் செயல்படுத்துமாறு உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22 அன்று ஆணையிட்டதையும் தாங்கள் நன்கு அறிவீர்கள். அமைதியாகத் தேர்தல் நடத்த இயலாத வளாகங்களில் மட்டும் இடைக்கால ஏற்பாடாக நியமன முறையை அக்குழு அனுமதித்தது. அதையும் மதிப்பெண்ணை மட்டும் வைத்துச் செய்ய வேண்டாம் என்றது. ஐந்து ஆண்டுகளுக்குள் எல்லா நிறுவனங்களும் நியமனத்திலிருந்து தேர்தலுக்கு மாற வேண்டும் என்றது. அந்த ஐந்து ஆண்டு எப்போது முடிந்தது என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தால், என் மகள் அப்போது பால்வாடியைத்தான் தாண்டியிருந்தாள்.

டெல்லிப் பல்கலைக்கழக மாணவர் தேர்தலில் யார் வென்றார் என்று படத்தோடு வெளியிடுகிறீர்கள். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி பிறந்தால் 1965 மாணவர் போராட்டத்தையும், அதன் தலைவர்களுள் ஒருவரான பெ. சீனிவாசன் இரண்டே ஆண்டுகளில் விருதுநகரில் காமராசரை 1,285 வாக்குகளில் வென்றதையும் சிலாகித்து எழுதுகிறீர்கள். பழைய மாணவர்கள் என்றால் வீரம். இன்றைய மாணவர் என்றால் பன்னீர்ச் சொம்பு. இந்தக் கணக்கும் எங்கள் விடுதிப் பால் கணக்கைப் போலத்தான் இருக்கிறது.

தங்களிடம் நான் வேண்டுவது சிறியது. அடுத்த கல்வி இணைப்பில், அந்தத் தன்விவரக் குறிப்பு வாக்கியம் இருந்த அதே பக்கத்தில், லிங்டோ குழுவின் பரிந்துரைகளுள் முக்கியமானவற்றை நல்ல தமிழில் ஒரு கட்டத்துக்குள் வெளியிடுங்கள். பிள்ளைகள் அதைக் கத்தரித்து வைத்துக்கொள்வார்கள். சேர்க்கைக்குப் போகும் பெற்றோர், கட்டண ரசீதை நீட்டும் எழுத்தரிடம் பேரவைக் கட்டணம் எதற்கென்று ஒரு வார்த்தை கேட்கவாவது அது உதவும். இம்முறையும் இடம் போதாமல் என் கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால், பால் கணக்கை எடுத்துவிடுங்கள்; நான் வருத்தப்பட மாட்டேன். 'ஐந்து ஆண்டுகளுக்குள்' என்று வரும் வாக்கியத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
முன்னாள் பேரவைத் தலைவி,
மதுரை.