டேப் எக்கோ வாங்கலாமா என்று கேட்டாயே

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து நாளாகிறது. உடனே எழுத உட்கார்ந்தேன், ஆனால் இங்கே விடாத மழை, கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது, அதோடு சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்குப் பாட்டுப் பயிற்சி வேறு. பாப்பாவுக்கு வேலை கிடைத்த செய்தியை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன், எல்லோருக்கும் அவ்வளவு சந்தோஷம். அம்மாவுக்கு முட்டி வலி இப்போது எப்படி இருக்கிறது? நான் விசாரித்ததாகச் சொல். குன்னூரில் எல்லாம் வழக்கம்போலத்தான். மண் சரிந்ததில் மேட்டுப்பாளையம் ரயிலை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், பச்சைத் தேயிலை விலை ஏறுவேனா என்கிறது, கீழ் வீட்டுப் பக்கம் ராத்திரியில் கரடி வந்து போகிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ரெக்கார்டிங் தியேட்டரைக் காலி செய்கிறவரிடம் ரோலண்ட் ஸ்பேஸ் எக்கோ ஆர்ஈ-201 என்ற டேப் எக்கோ மிஷின், அதாவது வாசித்ததை டேப்பில் பதிந்து எதிரொலியாகத் திருப்பித் தருகிற பெட்டி, ஒன்று இருக்கிறது, அதை வாங்கலாமா, இல்லை அந்தக் காசில் காலால் மிதித்துப் போடுகிற நல்ல டிஜிட்டல் எக்கோ பெடல் ஒன்றை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வாங்கு மாப்ள. ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது அதை ஓட்டுவாய் என்றால் மட்டும் வாங்கு. துணி போட்டு மூடி வைக்கப் போகிறாய் என்றால் வேண்டாம், வாசிக்கிறவன் வேறு யாராவது கொண்டுபோகட்டும்.

பெடலும் அதையேதானே செய்கிறது என்று எழுதியிருக்கிறாய். பெடல் நீ வாசித்ததை எண்களாக மாற்றி மெமரியில் வைத்துக்கொண்டு நேரம் பார்த்துத் திருப்பித் தருகிறது. டேப் எக்கோ ஒவ்வொரு தடவையும் நிஜமாகவே ரெக்கார்ட் செய்கிறது. டேப் உரசிக்கொண்டு போகிற காந்த முனையைத்தான் ஹெட் என்கிறோம். எரேஸ் ஹெட் பழையதை அழிக்கும், ரெக்கார்ட் ஹெட் புதியதைப் பதியும், அந்த இடத்து டேப் நகர்ந்து பிளேபேக் ஹெட்டுக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகிறதோ அதுதான் எக்கோவின் இடைவெளி. விநாடிக்கு 7.5 அங்குலம் ஓடும் டேப் ஓர் அங்குலத்தைத் தாண்ட 133 மில்லிசெகண்ட் ஆகும். 1950களில் மெம்ஃபிஸில் சாம் பிலிப்ஸ் தன் சன் ஸ்டுடியோவில் இரண்டு ஆம்பெக்ஸ் டேப் மிஷின்களை வைத்துக் கொண்டுவந்த ஸ்லாப்பேக் சத்தம், அதாவது உடனே ஒரு தடவை திருப்பி அடிக்கிற எக்கோ, இருக்கிறதே, அதுவும் கிட்டத்தட்ட இந்த இடைவெளிதான். அங்கே கிட்டார் வாசித்த ஸ்காட்டி மூர் அதே சத்தம் மேடையிலும் வேண்டுமென்று, ரே பட்ஸ் என்பவர் ஆம்ப்ளிஃபையருக்குள்ளேயே டேப் லூப்பை அடக்கிச் செய்த எக்கோசோனிக்கை வாங்கிக்கொண்டார். அந்த வழியில் வந்ததுதான் மைக் பேட்டில் 1959ல் வடிவமைத்த எக்கோபிளெக்ஸ் என்ற டேப் எக்கோ. லண்டனில் சார்லி வாட்கின்ஸ் 1958லேயே காப்பிகாட் என்ற டேப் எக்கோவைக் கொண்டுவந்துவிட்டார். உனக்குக் கிடைக்கிற ஆர்ஈ-201 பிறந்தது 1974ல், ஜப்பானில்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். பிளேபேக் ஹெட்டில் வந்த சத்தத்தில் கொஞ்சத்தை மறுபடியும் ரெக்கார்ட் ஹெட்டுக்கே அனுப்பினால்தான் எக்கோ இரண்டாவது, மூன்றாவது தடவை கேட்கும். ஒவ்வொரு சுற்றிலும் டேப்பும் ஹெட்டும் மேல் ஸ்தாயியின் கூர்மையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். முதல் எக்கோவில், கிட்டார் மீட்டும் பிக் கம்பியில் பட்ட அந்த 'டிக்' இருக்கும், அடுத்ததில் மழுங்கும், அதற்கடுத்ததில் ஸ்வரத்தின் உடம்பு மட்டும்தான் மிச்சம். நம் காதுக்கு இது பழகிய விஷயம். ரன்னிமேடு பக்கமிருந்து நீராவி எஞ்சின் ஊதினால் எதிர்ச்சரிவில் பட்டு வரும் ஊதல் எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, தூரத்திலிருந்து வரும் சத்தத்தில் காற்றும் மரமும் முதலில் எடுத்துக்கொள்வது அந்தக் கூர்மையைத்தான். அதனால் மழுங்கிய எக்கோவைக் காது 'தூரம்' என்று எடுத்துக்கொண்டு பின்னால் தள்ளி வைக்கிறது, நீ அடுத்து வாசிக்கும் ஸ்வரத்துக்கு முன்வரிசையில் இடம் கிடைக்கிறது. சாதாரண டிஜிட்டல் டிலேயில் நாலாவது எக்கோவும் முதலாவதைப் போலவே பளிச்சென்று வந்து உன் கைக்கு முன்னால் நிற்கும். டேப் சத்தம் 'வார்ம்' என்று எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கு அந்தச் சொல் போதவில்லை. அது வழிவிடுகிற எக்கோ. பாட்டுக்குப் பின்னால் வாசிக்கிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

எக்கோபிளெக்ஸுக்கும் ஸ்பேஸ் எக்கோவுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு, அதைத் தெரிந்துகொண்டால் உன் பெட்டியைப் புரிந்துகொண்ட மாதிரி. எக்கோபிளெக்ஸில் டேப் ஒரே வேகத்தில் ஓடும், ஹெட்டை முன்னும் பின்னும் தள்ளி இடைவெளியை மாற்ற வேண்டும், அதனால் இடைவெளி குறைந்தாலும் கூடினாலும் தொனி ஒன்றுபோல இருக்கும். ஸ்பேஸ் எக்கோவில் மூன்று பிளேபேக் ஹெட்களும் அசையாது, 'ரிப்பீட் ரேட்' குமிழைத் திருகினால் மோட்டாரின் வேகம்தான் மாறும். டேப் மெதுவாக ஓடினால் மேல் ஸ்தாயி சத்தங்கள் டேப்பில் நெருக்கிப் பதிய வேண்டியிருக்கும், ஹெட்டால் அவ்வளவு நெருக்கத்தைப் படிக்க முடியாது. அதனால் இடைவெளி நீள நீள எக்கோ தானாகவே இருட்டும். முதல் ஹெட் 70 மில்லிசெகண்ட் அளவில் ஆரம்பிக்கிறது, மூன்றாவது ஹெட் மெதுவான வேகத்தில் அரை விநாடியைத் தொடும். வேகமான பாட்டுக்குத் தெளிவான எக்கோ, விளம்பமான பாட்டுக்கு மங்கலான எக்கோ, இரண்டும் ஒரே குமிழில்.

வாசிக்கும் விதமும் மாறவேண்டும் மாப்ள. போன ஸ்வரம் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஸ்வரம் வந்துவிடுகிறது, அதாவது ஒற்றைக் கம்பியில் வாசித்தாலும் இரண்டு மூன்று ஸ்வரம் சேர்ந்து கேட்கும். நீண்ட எக்கோ வைத்து மோகனம் வாசித்துப் பார், ஸ ரி க ப த என்று ஐந்தில் எதுவும் எதோடும் அரை ஸ்வர இடைவெளியில் இல்லாததால் எது எதன் மேல் விழுந்தாலும் இடிக்காது. அதே செட்டிங்கில் மாயாமாளவகௌளையை எடுத்தால் சட்ஜமும் சுத்த ரிஷபமும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி உரசும். அந்த மாதிரி ராகத்துக்கு முதல் ஹெட், ஒரே ஒரு எக்கோ, அவ்வளவுதான். கமகமும் அப்படித்தான், நீ இழுத்த இழுப்பு அப்படியே பின்னால் வந்து அடுத்த இழுப்போடு சிக்கிக்கொள்ளும். வெறும் ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்து, எக்கோ அடங்கும் இடத்தில் கமகத்தை வை. குவீன் குழுவின் கிட்டாரிஸ்ட் பிரையன் மே இரண்டு எக்கோபிளெக்ஸைத் திருத்தி, இடைவெளியை நீட்டி, தன் எக்கோவோடு தானே ஹார்மனி வாசித்தார். ஜான் மார்ட்டின் அகூஸ்டிக் கிட்டாரையே எக்கோபிளெக்ஸில் விட்டு வாசித்தார். கருவிக்குத் தகுந்த மாதிரி கையை மாற்றிக்கொண்டவர்கள் இவர்கள்.

தாளத்துக்கு இடைவெளி பிடிக்க, ஒரு நிமிடத்தின் 60,000 மில்லிசெகண்டை நிமிடத்துக்கு எத்தனை அடியோ அதனால் வகு. 120 என்றால் ஓர் அடிக்கு 500 மில்லிசெகண்ட், முக்கால் அடிக்கு 375. ஆனால் டேப் மிஷினில் எண் போட்ட திரை ஏதும் கிடையாது, டிரம்மரைக் கேட்டுக்கொண்டே குமிழைத் திருகிப் பிடிக்க வேண்டும், திருகும்போது ஸ்ருதி சர்ரென்று ஏறி இறங்கும், அதையும் ஒரு அலங்காரமாகப் பயன்படுத்தலாம். மீட்டர் முள் சிவப்பை லேசாகத் தொடும் அளவுக்கு உள்ளே சத்தம் கொடு, டேப் நிறைந்து ஸ்வரத்தின் முனை உருண்டையாகும். எக்கோ எத்தனை தடவை திரும்பி வர வேண்டும் என்பதை வைக்கிற 'இன்டென்சிட்டி' குமிழைப் பாதிக்கு மேலே கொண்டுபோகும்போது கை குமிழிலேயே இருக்கட்டும், எக்கோ தன்னைத்தானே ஊட்டிக்கொண்டு ஊளையிட ஆரம்பித்துவிடும்.

மேல் மூடியைத் திறந்து பார். கேசட்டில் மாதிரி சுருட்டிவைத்த ரீல் எதுவும் இருக்காது, கால் அங்குல அகல டேப் இடியாப்பம் பிழிந்து விட்டது போலத் தளர்வாக மடிந்து மடிந்து கிடக்கும். மிஷினைப் போட்டதும் அந்த மடிப்புகள் ஒரு பக்கம் கரைந்து இன்னொரு பக்கம் உருவாகும், ஒட்டு போட்ட இடம் ஹெட்டைத் தாண்டும்போது எக்கோவில் சின்னதாக ஒரு தடுக்கல் கேட்கும். என் பேரன் பாட்டுக் கேட்பதை விட்டுவிட்டு இதையே பார்த்துக்கொண்டிருப்பான்.

பராமரிப்பு. நம் ஊர் மூடுபனியைப் பற்றி உனக்குத் தெரியும், பீரோவில் வைத்த செருப்பே பூஞ்சை பிடிக்கும் ஊர். சென்னையில் பனி இல்லாவிட்டாலும் கடற்காற்றின் ஈரமும் உப்பும் இருக்கிறது. உங்கப்பா ஊட்டி பிலிம் பேக்டரியில் கோட்டிங் பிரிவைப் பற்றிச் சொல்வாரே, பூச்சு சரியில்லை என்றால் எல்லாம் போச்சு என்று, டேப்பும் அதே கதைதான், பாலியெஸ்டர் மேல் இரும்பு ஆக்சைடைப் பசை கலந்து பூசியது. 1970, 80களில் வந்த பல டேப்களின் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போய் ஹெட்டில் அப்பிக்கொள்கிறது. அதனால் பெட்டியோடு 'சீல் உடைக்காத பழைய டேப்' தருகிறேன் என்று அவர் சொன்னால் நன்றி சொல்லி வாங்கி அலமாரியில் வை, மிஷினில் போடாதே. புதிதாகச் செய்த லூப் இப்போதும் விற்கிறார்கள். மொபைல் ரிப்பேர் கடையில் ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) என்று கேள், அந்த ஆல்கஹாலை இயர் பட்ஸில் தொட்டு ஹெட்களையும், டேப்பை இழுத்து ஓட்டுகிற கேப்ஸ்டன் கம்பியையும் துடை, பட்ஸில் பழுப்பு நிறம் வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். டேப்பை அந்தக் கம்பியோடு அழுத்திப் பிடிக்கிற ரப்பர் ரோலருக்கு ஆல்கஹால் வேண்டாம், சோப்புத் தண்ணீர் தொட்ட துணி போதும். காந்தம் ஏறிய ஸ்க்ரூ டிரைவரை ஹெட் பக்கம் கொண்டுபோகவே கூடாது. நான் மிஷினை வைத்திருக்கும் அலமாரியில் பழைய சீரோ வாட் குண்டு பல்பு ஒன்று எப்போதும் எரிகிறது, கேமரா லென்ஸ் வைத்திருப்பவர்கள் இங்கே காலங்காலமாகச் செய்வதுதான். ஆனால் பல்பைவிட நல்லது மிஷினை ஓட்டுவது. சும்மா கிடந்தால் ரப்பர் இறுகும், கண்டன்சர் பலம் இழக்கும், குமிழ் கரகரக்கும். வாரத்தில் சில நாள் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

பார்க்கப் போகும்போது கிட்டாரைக் கொண்டுபோ. மூன்று ஹெட்டையும் தனித்தனியாக வைத்துக் கேள், ஒன்று மட்டும் மங்கலாக இருந்தால் தேய்ந்திருக்கலாம், அழுக்காகவும் இருக்கலாம், துடைத்துவிட்டு மறுபடி கேள். ஹெட் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால் விலையில் அதைக் கழிக்கச் சொல், மாற்று ஹெட் கிடைப்பது கஷ்டம். நீண்ட ஸ்வரம் ஒன்றை வாசித்துவிட்டு எக்கோவைக் கவனி, மெல்லிய அசைவு அழகு, தள்ளாட்டமாக இருந்தால் ரோலர் வேலை. லேசான 'ஸ்ஸ்' இரைச்சல் இருக்கத்தான் செய்யும், அதற்காக வேண்டாம் என்று சொல்லிவிடாதே.

மேடைக்கு என்ன செய்வது என்று கேட்பாய். மேடைக்குப் பெடல்தான். ரோலண்டின் பாஸ் பிராண்டிலேயே ஆர்ஈ-202 என்று இதே மிஷினின் சத்தத்தைப் போலச் செய்த பெடல் வந்திருக்கிறது, கேட்டேன், நன்றாகவே செய்திருக்கிறார்கள், மழுங்கலைக்கூடப் பிடித்திருக்கிறார்கள். கோயில் திருவிழா கச்சேரிக்கு வேனில் போட்டுக் குலுக்கிக்கொண்டு போகிற பொருள் ஸ்பேஸ் எக்கோ கிடையாது. வீட்டில், ரெக்கார்டிங்கில், நிதானமாக ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து வாசிக்கும்போது அது உன் கையைக் கட்டுப்படுத்திக் கற்றுக்கொடுக்கும், பெடலிடம் எனக்கு அது கிடைக்கவில்லை.

கடைசியாக வோல்டேஜ். ஜப்பானுக்காகச் செய்தது 100 வோல்ட், அமெரிக்காவுக்குப் போனது 117. நம் 230ல் நேராகச் சொருகினால் அவ்வளவுதான். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் போட்டால் ஆர்ஈ-201க்குப் பிரச்சினை இல்லை, அதன் மோட்டார் டிசி. ஆனால் யாராவது அமெரிக்க எக்கோபிளெக்ஸ் கொண்டுவந்து காட்டினால் யோசி, அதன் ஏசி மோட்டார் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது, டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது, நம் 50ல் டேப் மெதுவாகி 300 மில்லிசெகண்ட் எக்கோ 360 ஆகிவிடும்.

அதனால் முதல் வேலையாகப் பெட்டியின் பின்பக்கத் தகட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு. எந்த டிரான்ஸ்பார்மர், எத்தனை வாட் என்று மார்க்கெட் பக்கத்து மெக்கானிக் அண்ணனிடம் கேட்டு உடனே எழுதுகிறேன். ஜனவரியில் மழை விட்டிருக்கும், தங்கச்சியையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வா, கிட்டாரை மறக்காதே.

அன்புடன்,
உன் மச்சான்
குன்னூர்