ஆள் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சமூக வலைதளங்கள் உலகத்தைச் சுருக்கிவிட்டன என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முன்பின் தெரியாத இரண்டு பேரை இணைக்க எத்தனை பேர் நடுவில் தேவைப்படுவார்கள் என்று 1967-இல் அமெரிக்காவில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் கடிதம் கைமாற்றிப் பார்த்த சோதனையையும், 2016-இல் பேஸ்புக் தன்னிடம் இருந்த 159 கோடி பேரை வைத்துக் கணக்கிட்டு இடைவெளி சராசரியாக 3.57 என்று சொன்னதையும் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் சொல்கிறார்கள். கணக்கோடு எனக்குத் தகராறு இல்லை. எனக்கும் என் நண்பனுக்கும் நடுவில் ஒருவர்கூட இல்லை. நான் உறையூர், அவன் காட்டூர், இரண்டும் திருச்சிதான். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி துவாக்குடி பஸ் ஏறினால் போய்விடலாம். அப்படியிருந்தும் ஏழு மாதம் அவனுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாமல் போனது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் திருச்சி டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்களாக 1982-இல் ஒன்றாகச் சேர்ந்தோம். இளையவர்களுக்கு அது என்ன வேலை என்று சொல்ல வேண்டும். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் 180-க்குப் போன் செய்து பதிவு செய்ய வேண்டும். நாங்கள் டிக்கெட் எழுதி வைத்துக்கொண்டு, லைன் கிடைக்கும்போது போர்டில் ஒயரைச் செருகி இரண்டு பக்கத்தையும் இணைப்போம். சாதாரணக் கால் என்றால் சில நாள் அரை நாள்கூட ஆகும். அர்ஜென்ட் என்றால் இரண்டு மடங்கு கட்டணம். லைட்னிங் என்றால் எட்டு மடங்கு. அதைக் கேட்கிறவர் குரலிலேயே என்ன செய்தி என்று தெரிந்துவிடும். மூன்று நிமிடம் ஆனதும் லைனுக்குள் புகுந்து, "மூணு நிமிஷம் ஆச்சு, எக்ஸ்டென்ட் பண்ணவா?" என்று கேட்போம். மறுமுனையில் அழுதுகொண்டிருப்பார்கள். கேட்கத்தான் வேண்டும், அது எங்கள் வேலை.

இதில் பி.பி. கால் என்று ஒன்று உண்டு. பர்டிகுலர் பர்சன். இந்த நம்பரில் இன்னாரிடம்தான் பேச வேண்டும் என்று பெயர் சொல்லிப் பதிவு செய்வது. அதற்குக் கொஞ்சம் கூடுதல் கட்டணம். ஆனால் அந்த ஆள் வந்து ரிசீவரைப் பிடித்த பிறகுதான் நேரம் ஓட ஆரம்பிக்கும். மளிகைக் கடை நம்பருக்குப் போட்டு, "மேலத்தெரு ராமாயியைக் கூப்பிடுங்க, மகன் பம்பாயிலிருந்து பேசுறார்" என்போம். கடைப் பையன் ஓடுவான். அந்த அம்மா மூச்சு வாங்க ஓடிவரும் சத்தம் கேட்கும். "யாரு, மணியா?" என்ற முதல் வார்த்தை வரை லைனில் இருந்துவிட்டு விலகிக்கொள்வோம். ஒருவர் இன்னொருவரைப் பெயர் சொல்லித் தேடுவது என்றால் என்ன என்பதை நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

அப்புறம் ஆபரேட்டர் இல்லாமல் நேராகவே வெளியூருக்கு டயல் செய்யும் எஸ்.டி.டி. வந்தது, எங்கள் போர்டுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. 197-இல் நம்பர் சொல்லும் வேலை, பில் கவுன்ட்டர் என்று எங்கெங்கோ மாற்றினார்கள். கடைசியில் 2020 ஜனவரி 31 அன்று நாடு முழுக்க பி.எஸ்.என்.எல். ஊழியர்கள் 78,000-க்கும் மேற்பட்டவர்கள் விருப்ப ஓய்வில் வெளியே வந்தோமே, அதில் நாங்களும் இருந்தோம். பிரிவு உபசாரம் முடிந்த கையோடு ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தோம். 64 பேர். இருபத்தைந்து வருடமாகத் தொடர்பே இல்லாத சேலத்து நண்பர் ஒருவர் அதில் வந்து சேர்ந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தத் தொழில்நுட்பத்தை நான் குறை சொல்ல வரவில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மகள் மெல்போர்னில் இருக்கிறாள். பேரன் பிறந்து முதல் இரண்டு வருடம் அவனை வீடியோவில்தான் பார்த்தேன். பல் முளைத்தது, குப்புற விழுந்தது, நடந்தது எல்லாம் போனில்தான். முதல்முறை ஊருக்கு வந்தபோது, வாசலில் என்னைப் பார்த்துவிட்டு அம்மா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். கூடத்துக்குள் வந்ததும் அண்ணாந்து பார்த்து, "ஃபேன்!" என்று கத்தினான். நான் எப்போதும் போனை மடியில் வைத்துக்கொண்டு பேசுவேன். என் தலைக்கு மேலே சுற்றும் மின்விசிறிதான் அவனுக்குப் பழகிய முகம். சாயங்காலத்துக்குள் என்னிடமும் வந்துவிட்டான். அவனுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கடலே இருக்கிறது. அந்த வீடியோ மட்டும் இல்லாவிட்டால் மின்விசிறிகூடத் தெரிந்திருக்காது. தூரத்தில் இருக்கிறவர்களுக்கு இது பெரிய வரம், சந்தேகமில்லை.

பக்கத்தில் இருக்கிறவர்கள் விஷயத்தில்தான் நாம் ஏமாந்துபோகிறோம்.

குழு ஆரம்பித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஊரடங்கு வந்துவிட்டது. யாரும் யார் வீட்டுக்கும் போக முடியாத அந்த நாட்களில் குழுதான் ஆறுதல். அப்போது தொடங்கியது காலை வணக்கம். என் நண்பன் தினமும் காலை 5.40-க்கு ஒரு படம் போடுவான். ரோஜாப் பூ, மலைக்கோட்டை, முருகன், கீழே ஒரு நல்ல வாசகம். நாங்கள் எல்லோரும் கும்பிடும் கைகளைப் போடுவோம். ஊரடங்கு முடிந்தது, பழக்கம் முடியவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் வழக்கம் மட்டும் திரும்பி வரவில்லை. தினமும்தான் பார்க்கிறோமே என்ற எண்ணம். அவன் போட்ட படம் வந்தது, நான் பார்த்தேன், கும்பிடு போட்டேன், அவனும் பார்த்தான். இரண்டு பேருக்கும் திருப்தி.

சென்ற மாதம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அவன் மனைவியைப் பார்த்தேன். கையில் மருந்துப் பையும் ஸ்கேன் கவரும். என்ன தங்கச்சி, யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஏழு மாசமா அவருக்கு டயாலிசிஸ் போகுது அண்ணே. உங்களுக்குத் தெரியாதா? தினமும் உங்ககூடத்தானே மெசேஜ்ல பேசிக்கிட்டு இருக்கார்?"

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. மார்க்கெட்டுக்குப் போக வந்தவன், அவருடனே காட்டூர் பஸ் ஏறிவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்து போனில் குழுவைத் திறந்து பின்னால் தள்ளிக்கொண்டே போனேன். ஏழு மாதத்துக் காலை வணக்கங்கள், ஒரு நாள் விடாமல் இருந்தன. கழுத்தில் குழாய் போட்ட தேதியை அவன் மனைவி சொன்னார். அன்றைக்கும் இருந்தது: தாமரைப் பூ, இனிய நாளாக அமையட்டும். அதற்குக் கீழே என்னுடைய கும்பிடு.

அப்புறம் ஒன்று கண்ணில் பட்டது. ஒரு நாள் மட்டும் காலை வணக்கம் 5.40-க்கு வரவில்லை. இரவு 3.10-க்கு வந்திருந்தது. மூச்சு முட்டி, படுக்க முடியாமல் உட்கார்ந்தே கழித்த ராத்திரியாம் அது. அடுத்த நாள் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் படத்துக்கும் 19 கும்பிடு இருந்தது. ஏண்டா இந்த நேரத்தில் விழித்திருக்கிறாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நாங்கள் யார்? நைட் டியூட்டி பார்த்தவர்கள். ராத்திரி மூன்று மணிக்குப் போர்டில் ஒரு விளக்கு எரிந்தால், டீ டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினவர்கள். அந்த நேரத்தில் வருகிற கால் சும்மா வராது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பாதி ஆளாகிவிட்டான். பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில், அதில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டிருந்தது. ஒரு நாளைக்கு அந்த அளவுக்கு மேல் குடிக்கக் கூடாது. இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது. செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரி, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். இடது கையை நீட்டி, மணிக்கட்டுக்கு மேலே என் விரலை எடுத்து வைத்தான். ஊசி குத்துவதற்காக இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள், ஃபிஸ்டுலா என்கிறார்கள். தோலுக்கு அடியில் ஒரு ரீங்காரம், விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. பழைய டிரங்க் லைனில் யாரும் பேசாதபோது கேட்குமே, அதே மாதிரி. "லைன் கிளியரா இருக்காடா?" என்றான். எனக்குப் பேச்சு வரவில்லை. விரலை எடுக்கவும் மனம் வரவில்லை.

ஏண்டா சொல்லவில்லை என்று கேட்டேன். "குரூப்ல எப்படிடா இதைப் போடுறது? அன்னைக்கு ஒருத்தர் பேத்தி பர்த்டே கேக் போட்டிருக்கார். அதுக்குக் கீழ நான் போய் கிட்னி பெயிலியர்னு போடணுமா? போட்டா என்ன வரும், அறுபத்து மூணு கும்பிடு வரும்." கொஞ்ச நேரம் கழித்து, "காலையில படம் போட்டுட்டு ஆறு மணி வரைக்கும் போனைக் கையிலேயே வச்சிருப்பேன்" என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

ஆசிரியர் அவர்களே, இதில் அவனைக் குறை சொல்ல முடியுமா? தினமும் அவன் லைனைத் தட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். கேட்க வேண்டிய ஆபரேட்டர் நான்தான். ஒரு குழுவில் இப்போது 1,024 பேர் வரை சேர்க்கலாம் என்கிறார்கள். 64 பேருக்குச் சொன்ன வணக்கமே யாருக்கும் சொல்லாததாகப் போய்விட்டது. குழுவில் போடுகிற எதிலும் பெயர் இல்லை. பதில் சொல்வது தன் பொறுப்பு என்று யாரும் நினைப்பதில்லை, இன்னொருவர் கேட்டிருப்பார் என்று நினைக்கிறோம். பி.பி. காலில் அப்படித் தப்பிக்க வழியே கிடையாது. ராமாயி வந்துதான் ஆக வேண்டும். வரும்வரை மகன் லைனில் காத்துக்கொண்டு நிற்பான்.

காட்டூரிலிருந்து திரும்பிய வாரமே குழுவில் ஒரு யோசனை சொன்னேன். ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர். வாரத்துக்கு ஒரு தடவை அந்த இரண்டு பேரையும் போனில் கூப்பிட்டுப் பேச வேண்டும். மெசேஜ் கணக்கில் சேராது. அதற்கு பி.பி. லிஸ்ட் என்று பெயர் வைத்தோம். எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை. வேலையாக இருக்கும்போது கூப்பிட்டால் தொந்தரவுதானே, மெசேஜ் போதாதா என்று இரண்டு பேர் சொன்னார்கள். ஒருவர் குழுவிலிருந்தே விலகிவிட்டார். சரி, அது அவரவர் விருப்பம். ஆனால் முதல் பத்து நாளிலேயே, ஒரு நண்பர் மனைவியை இழந்து தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது. குழுவில் அப்போதே செய்தி போட்டிருக்கிறார். ஆழ்ந்த இரங்கல் என்று நாங்கள் எல்லோரும் எழுதியும் இருக்கிறோம். நானும் எழுதியிருக்கிறேன், தேடிப் பார்த்துவிட்டேன். அந்த வீட்டுக்கு யாருமே போகவில்லை.

உங்கள் வாசகர்களிடம் நான் கேட்பது இதுதான். குழுவை விட்டு விலக வேண்டாம், படம் போடுவதையும் நிறுத்த வேண்டாம். இன்றைக்குக் காலையில் உங்களுக்கு வணக்கம் அனுப்பியவர்களில் ஒரே ஊரில் இருக்கிற ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவர் பெயரை அழுத்திக் கூப்பிடுங்கள். மூன்று நிமிடம் போதும். எப்படி இருக்கீங்க என்று கேட்டுவிட்டு, நல்லா இருக்கேன் என்ற பதில் வந்த பிறகும் கொஞ்ச நேரம் லைனில் இருங்கள். நாங்கள் போர்டில் உட்கார்ந்து கேட்ட வரைக்கும், உண்மையான பேச்சு அதற்குப் பிறகுதான் வரும்.

அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பேர் மட்டும் போடாதே என்றான். என் பெயரைப் போட்டால் அவன் யார் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரிந்துவிடும் என்பதால் என் பெயரையும் வெளியிட வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறேன்.

காலை வணக்கம் இன்றைக்கும் 5.40-க்கு வந்தது, செம்பருத்திப் பூ. 5.45-க்கு நான் கூப்பிட்டேன். நாளை வெள்ளிக்கிழமை, பதினொன்றரைக்கு அவனுக்கு டயாலிசிஸ் முடியும். வெளியே வந்ததும் பசிக்கும் என்றான். சாம்பாரில்லாமல் நாலு இட்லி கட்டிக்கொண்டு போக வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டிரங்க் ஆபரேட்டர் ஒருவர்,
உறையூர், திருச்சி.