கடனுக்கு ஜாமீன் போடும் மனைவிக்கும் ஒரு தாள் கொடுங்கள்

மதிப்பிற்குரிய இந்திய ரிசர்வ் வங்கி ஆளுநர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூரில் என் அக்காவும் மாமாவும் சேர்ந்து வாங்கிய வீட்டைப் பற்றி எழுதுகிறேன். அக்கா தன் நகையை விற்றுப் பணம் போட்டாள். பத்திரத்தில் ஆளுக்குப் பாதி என்றே எழுதினார்கள். மாமா சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்திவந்தார். ஆர்டர் நின்றதும் இரண்டு பக்கமிருந்தும் கடன் நெருக்கியது.

நூல் கடைக்காரர் சிவில் கோர்ட்டுக்குப் போனார். பாக்கி மாமா பெயரில் மட்டும் இருந்ததால், ஜப்தி அவருடைய பாதியோடு நின்றது. அந்தப் பாதியை ஏலத்தில் எடுக்கிற வெளியாள் நேராக வந்து குடியேறவும் முடியாது. பிரியாத குடும்பத்தின் வீட்டில் பங்கு வாங்கிய வெளியாளுக்குச் சேர்ந்து குடியிருக்கும் உரிமை இல்லை என்பதுதான் 1882 ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 44 ஆவது பிரிவிலுள்ள கொள்கை. அவர் பாகப்பிரிவினை வழக்குப் போட வேண்டும். போட்டால், கோர்ட் வைக்கிற மதிப்புக்கு அந்தப் பங்கைத் தானே வாங்கிக்கொள்வதாக அக்கா கேட்கலாம். அதற்கு 1893 ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டம் இருக்கிறது. இதையெல்லாம் யோசித்த நூல் கடைக்காரர் தவணைக்கு ஒத்துக்கொண்டார்.

ஆனால் வங்கி முழு வீட்டையும் எடுத்துக்கொண்டது. அதே வீடு, அதே பத்திரம்தான். கம்பெனிக் கடனுக்கு அக்கா ஜாமீன் போட்டு, தன் பாதியையும் ஈடாக எழுதிக் கொடுத்திருந்தாள்.

அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன். முழுக்க ஆங்கிலத்தில் ஒரு தடித்த கட்டு. கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் பென்சிலில் சின்னப் பெருக்கல் குறி. "இங்க போடுங்கம்மா, அப்புறம் இங்க" என்று அலுவலர் தாளைத் திருப்பிக்கொண்டே இருந்தார். அக்கா தமிழில் கையெழுத்துப் போட்டாள். "எதுக்குங்க இது?" என்று ஒரு தடவை கேட்டாள். "வீடு உங்க பேர்லயும் இருக்கில்லம்மா, ஃபார்மாலிட்டிதான்" என்றார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

ஒப்பந்தச் சட்டப்படி ஜாமீன் போட்டவரும் கடன் வாங்கியவர் அளவுக்கே பொறுப்பு. ஈட்டுச் சொத்தைக் கைப்பற்ற வங்கிகளுக்கு அதிகாரம் தரும் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, சிவில் கோர்ட்டில் வழக்குப் போடாமலே வங்கி வீட்டைக் கைப்பற்றலாம். அமெரிக்காவில் ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் தம்பதி சேர்ந்து வைத்திருக்கும் வீட்டைக் கணவரின் தனிக் கடனுக்காகப் பொதுவாகத் தொட முடியாது. அங்கேயும் மனைவி சேர்ந்து கையெழுத்திட்ட கடனுக்கு அந்தக் காப்பு இல்லை.

சரி, வங்கி ஈடு கேட்பதை நான் குறை சொல்லவில்லை. கொடுத்த பணம் திரும்ப வர வேண்டும். அந்தக் கையெழுத்தால் என்ன போகும் என்று யாரும் அக்காவிடம் சொல்லவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

2024 அக்டோபர் முதல் தனிநபர் கடனுக்கும் சிறுதொழில் கடனுக்கும், கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் முக்கிய விவரங்களை எழுதிக் கொடுத்து விளக்க வேண்டும் என்று நீங்களே விதி போட்டிருக்கிறீர்கள். நல்ல விதி. ஆனால் அது கடன் வாங்குகிறவருக்கான தாள். வீட்டில் பாதிப் பங்கு வைத்துக்கொண்டு ஜாமீன் போடுகிற மனைவிக்கும் தனியாக ஒரு தாள் வேண்டும். "இதில் கையெழுத்திட்டால், கணவர் கட்டாத கடனுக்கு உங்கள் பாதி வீடும் போகும்" என்று முதல் வரியிலேயே, அவர் படிக்கிற மொழியில் இருக்க வேண்டும். அதை வீட்டுக்கு எடுத்துப்போய் யோசிக்க ஒரு வாரமாவது கொடுக்க வேண்டும். கையெழுத்தான கட்டின் நகலையும் அவர் கையிலேயே தர வேண்டும். அக்காவிடம் அந்த நகல் இன்றுவரை இல்லை.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து ஒரு தங்கை