ரோடியர் மில்லில் கண்காட்சியா?

அன்புள்ள செல்வம்,

பேத்தி பிறந்த சேதி படித்தோம், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அதே வெயில், அதே கடலூர் ரோடு நெரிசல்.

2020-இல் மூடிய நம் புதுச்சேரி ரோடியர் துணி மில்லைக் கலைக்கூடமாக்கினால் என்ன என்று கேட்டிருந்தாய். எனக்கும் ஆசைதான், ஆனால் எதை வைப்பார்கள் என்று நினைத்தால்தான் பயம். நியூயார்க்கில் டோமினோ சர்க்கரை ஆலையை இடிப்பதற்கு முன், 2014-இல், காரா வாக்கர் என்ற கலைஞர் அதற்குள் பிரம்மாண்டமான ஒரு உருவம் செய்து வைத்தார், பார்த்திருக்கிறாயா? கறுப்பினப் பெண்ணின் முகம், சிங்கத்தின் உடம்பு, மேலெல்லாம் வெள்ளைச் சர்க்கரை. சுற்றிலும் கூடை தூக்கிய சிறுவர்களின் சிலைகள், சிலது வெக்கையில் உருகி உடைந்தே போனதாம். கூலியில்லாமல் கரும்புக் காட்டிலும் அடுப்படியிலும் உழைத்தவர்களுக்கு மரியாதை என்று தலைப்பிலேயே சொல்லியிருந்தார். அதே கரும்புக்காகத்தானே பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம் ஜனங்களைப் பிரெஞ்சுத் தீவுகளான ரீயூனியனுக்கும் குவாதலூப்புக்கும் மார்த்தினிக்குக்கும் கப்பலேற்றினார்கள்.

நம் ஊரில் யாராவது ஆரம்பித்தால் முதலில் காபிக் கடைதான் வரும், அப்புறம் சுவருக்கு நாலு ஓவியம், துருப்பிடித்த தறி பக்கத்தில் நின்று செல்ஃபி. எனக்கு வேண்டியது வேறு. தறிச் சத்தத்தில் பேச்சு கேட்காது என்று அப்பாவும் உங்கப்பாவும் கைஜாடையிலேயே பேசிக்கொள்வார்களே, வீட்டுக்கு வந்தும் அது போகாமல் சோறு போதும் என்பதைக்கூடக் கையை ஆட்டித்தான் சொல்வார்கள், அந்த ஜாடை தெரிந்த பெருசுகள் முதலியார்பேட்டையில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களே நின்று அறுந்த நூலுக்கு எப்படி முடிச்சுப் போடுவது என்று பிள்ளைகளுக்குக் காட்டட்டும், அதற்குச் சம்பளமும் வாங்கட்டும். ஓசியில் கூப்பிட்டு சால்வை போடுகிற வேலை வேண்டாம். 1936 ஜூலை 30-இல் இதே ஊர் சவானா துணி மில்லில் தொழிலாளர்களைச் சுட்டதில் 12 பேர் செத்த பிறகுதான், மறு வருஷம் எட்டு மணி நேர வேலை சட்டமானது. அதையும் வாசலிலேயே, பெரிய எழுத்தில் போட வேண்டும்.

சரி, உங்கப்பாவின் மில் அடையாள அட்டை அலமாரியில் இருந்தால் படம் எடுத்து அனுப்பு. நம் பழைய தெருக்காரர்களிடம் இருப்பதை எல்லாம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். பொங்கலுக்கு வருகிறாயா இல்லையா, அதை முதலில் சொல்.

அன்புடன்,
கணேசன்