மணலி எண்ணெயும் உன் புது வேலையும்

மச்சான்,

உன் கடிதமும், அதோடு நீ அனுப்பிய உங்கள் ஏர்லைன்ஸின் நிலைத்தன்மை அறிக்கையும், அதான் சுற்றுச்சூழலுக்கும் சமூகத்துக்கும் என்ன செய்கிறோம் என்று கம்பெனி போடுகிற அறிக்கை, வந்து சேர்ந்தன. டிக்கெட் கவுன்டரில் ஆரம்பித்தவன் இன்றைக்கு அந்தப் பிரிவுக்கே மாறியிருக்கிறாய் என்பதில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம்டா. மனசில் அக்கறை இருக்கிற ஒருத்தன் அந்த இடத்தில் உட்கார்வது நல்லது. அம்மாவிடம் சொன்னேன். "அப்போ பிளேன்ல புகை வராம பண்ணப் போறானா?" என்று கேட்டாங்க. மூட்டுவலிதான் அவங்களுக்குத் தொல்லை, மற்றபடி நன்றாக இருக்காங்க, உன்னை ரொம்ப விசாரித்தாங்க.

படித்துவிட்டு மனதில் பட்டதைச் சொல்லு என்று எழுதியிருந்தாய். சொல்கிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்.

அறிக்கையின் முதல் பாதி முழுக்க பிளாஸ்டிக் ஸ்பூனுக்குப் பதில் மரக்கரண்டி, அலுவலகத்தில் எல்ஈடி விளக்கு, ஊழியர்கள் கடற்கரையில் குப்பை பொறுக்கும் படம், இப்படியே போகிறது. தப்பில்லை, செய்யட்டும். ஆனால் ஒரு ஏர்லைன்ஸ் உலகத்துக்குச் செய்கிற கெடுதல் கரண்டியில் இல்லையே. அது எரிக்கிற எண்ணெயில்தான் கிட்டத்தட்ட எல்லாமே இருக்கிறது. ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் 3.16 கிலோ கரியமில வாயு வெளியே வருகிறது. எரிகிற கார்பன் காற்றில் இருக்கும் ஆக்சிஜனோடு சேர்வதால்தான் எடை இப்படிக் கூடுகிறது. நம் சென்னையிலிருந்து ஒரு ஏர்பஸ் 320 டெல்லி போய் இறங்குவதற்குள் ஐந்தாறு டன் எண்ணெய் தீர்ந்துவிடும், அதாவது ஒரே பயணத்தில் 16-லிருந்து 19 டன் வரை கரியமில வாயு. இந்தக் கணக்கு உங்கள் அறிக்கையில் இருக்கத்தான் இருக்கிறது, ஆனால் கடைசியில், பொடி எழுத்து அட்டவணையில். முதல் பக்கத்தில் வரவேண்டியது அதுதான் என்று உன் மேலாளரிடம் சொல்ல முடியுமா?

அப்புறம் அந்த எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்பது உனக்குத் தெரியாததா! நம் வீட்டு மாடியில் நின்றால் ராத்திரியில் மணலிப் பக்கம் தெரியுமே அந்தச் சுடர், அங்கேதான். 1969-இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்று ஓட ஆரம்பித்த ஆலையில்தான் மீனம்பாக்கத்துக்குப் போகிற எரிபொருள் பிரித்தெடுக்கப்படுகிறது. அது ஒரு வகைச் சுத்தமான மண்ணெண்ணெய், அவ்வளவுதான். முன்னே டேங்கர் லாரியில் போனது, இப்போது தரைக்கடியில் குழாய் வழியாக விமான நிலையத்துக்கே போய்ச் சேர்கிறது. உங்கள் விமானம் சென்னையில் நிரப்பிக்கொள்வதும் அதைத்தான். நீங்கள் பெங்களூரில் உட்கார்ந்து எழுதுகிற அறிக்கையின் முதல் வரி எங்கள் பக்கத்தில்தான் ஆரம்பிக்கிறது.

உங்கள் ஆட்கள் 'ஸ்கோப் 3' என்று ஒரு தலைப்பு போட்டு, எண்ணெய் எடுப்பது, சுத்திகரிப்பது, கொண்டுவருவது எல்லாவற்றின் கார்பனையும் அதில் சேர்க்கிறார்கள். சரி, நேர்மையான கணக்குதான். ஆனால் அதில் எண்ணப்படுவது கார்பன் மட்டும். மணலியில் காற்று எப்படி இருக்கிறது, எண்ணூரில் முகத்துவாரம் எந்த நிறத்தில் இருக்கிறது என்பதற்கு எந்த அட்டவணையிலும் இடம் கிடையாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்து, வெள்ளம் வடிந்த கையோடு கொசஸ்தலை ஆற்றுக்கும் எண்ணூர் கழிமுகத்துக்கும் எண்ணெய் வந்ததே, அப்போது நீ ஊரில் இல்லை. நான் போய்ப் பார்த்தேன். மீனவர்கள் தங்கள் படகின் ஓரத்தில் குந்தி, வீட்டு பாத்ரூமில் இருக்கிற மாதிரி பிளாஸ்டிக் மக்கால் தண்ணீர் மேல் மிதந்த கறுப்பை வழித்து வழித்து டிரம்மில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். முழங்கை வரைக்கும் தார் பூசின மாதிரி. சிலருக்குக் கையுறைகூட இல்லை. கூழைக்கடா ஒன்று சிறகு ஒட்டிப்போய் அலையாத்திச் செடிகளுக்கு நடுவே நின்றது, விரட்டினாலும் பறக்க முடியாமல். வலை, படகு, இறால், நண்டு எல்லாம் போச்சு. அந்த எண்ணெய்க்கு யார் பொறுப்பு, எவ்வளவு கட்டவேண்டும் என்பதைப் பசுமைத் தீர்ப்பாயம் எடுத்து விசாரித்தது, அதற்குள் நான் போகவில்லை. எனக்கு ஒன்றே ஒன்றுதான். எரிபொருளை மொத்தமாக வாங்குகிற பெரிய வாடிக்கையாளர்கள் நீங்கள். அது தயாராகிற இடத்தில் மனுஷன் எப்படி வாழ்கிறான் என்று நீங்கள் ஒருமுறையாவது கேட்டிருக்கிறீர்களா? விலை கேட்கிற மாதிரி, தரம் கேட்கிற மாதிரி, இதையும் கேட்கலாம்டா. வாங்குகிறவன் கேட்டால்தான் விற்கிறவன் காது கொடுப்பான். உங்கள் கையில் இருக்கிற பெரிய பலமே அதுதான்.

இனி அந்தப் பசுமை எரிபொருள் விஷயம், அதாவது கச்சா எண்ணெய்க்குப் பதில் பழைய சமையல் எண்ணெய், செடிகொடி மாதிரியானவற்றிலிருந்து செய்கிற விமான எரிபொருள். அறிக்கையில் எனக்கு உண்மையிலேயே பிடித்த பகுதி அதுதான், ஏனென்றால் அதில் எனக்கு நேரடி அனுபவம் இருக்கிறது. அண்ணி வண்ணாரப்பேட்டையில் பலகாரக் கடை போட்டிருப்பது உனக்குத் தெரியும். முறுக்கு, சமோசா, பஜ்ஜி என்று நாள் முழுக்கச் சட்டி அடுப்பில்தான். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் ஒரு விதி போட்டது, பொரித்த எண்ணெயில் போலார் சேர்மங்கள், அதாவது திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெய் கெட்டு உண்டாகிறவை, 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று. அதே வருஷம் பழைய எண்ணெயைச் சேகரித்து எரிபொருளாக்கும் திட்டமும் வந்தது. இப்போது ஒரு பையன் நீலக் கேனோடு வருகிறான். பேனா மாதிரி ஒரு கருவியைச் சூடான எண்ணெயில் விட்டுப் பார்க்கிறான், அதில் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று விளக்கு எரிகிறது. சிவப்பு வந்தால் வடிகட்டி, எடை போட்டு, பணம் கொடுத்து, ரசீதும் எழுதித் தருகிறான். நல்ல ஏற்பாடு. ஆனால் சாயங்காலம் இன்னொருத்தர் டிவிஎஸ்ஸில் வருவார். கருவியும் கிடையாது, ரசீதும் கிடையாது, கிலோவுக்கு அந்தப் பையனைவிடக் கூடவே தருவார். அவரிடம் போகிற எண்ணெய் எங்கே போகிறது தெரியுமா? ராத்திரிக் கடை தள்ளுவண்டிகளுக்கு. மறுபடியும் மீன் வறுக்க, சிக்கன் பொரிக்க. துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு வருகிறவனும், ஷிஃப்ட் முடிந்து வருகிற பிள்ளைகளும் அதைத்தான் சாப்பிடுகிறார்கள். அண்ணி பிடிவாதமாக நீலக் கேனுக்குத்தான் கொடுக்கிறார்கள். பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் அப்படி இருக்க முடியுமா? எண்ணெய் விற்கிற விலைக்கு அந்த நாலு ரூபாய் வித்தியாசம் அவர்களுக்குப் பெரிசு.

அந்தக் கேன் எண்ணெயிலிருந்தே விமான எரிபொருள் செய்யலாம் என்று படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எரியும்போது வெளிவருகிற வாயு அதே அளவுதான், ஆனால் அந்தக் கார்பன் ஏற்கெனவே செடி காற்றிலிருந்து எடுத்துக்கொண்டது, பூமிக்கடியிலிருந்து புதிதாகத் தோண்டி எடுத்ததில்லை. அதனால் மொத்தக் கணக்கில் 80 சதவீதம் வரை குறையலாம் என்கிறார்கள். இப்போதைக்குச் சாதாரண எரிபொருளோடு பாதிக்குப் பாதி வரை கலக்க அனுமதி இருக்கிறது. நம் நாட்டில் இதை முதலில் செய்து காட்டியது ஸ்பைஸ்ஜெட், 2018 ஆகஸ்டில் டேராடூனிலிருந்து டெல்லிக்குக் காட்டாமணக்கு எண்ணெயில் செய்த எரிபொருளைக் கலந்து ஒரு சின்ன விமானத்தை ஓட்டினார்கள். பானிபட்டில் இருக்கிற இந்தியன் ஆயில் ஆலைக்குப் பழைய சமையல் எண்ணெயில் இதைச் செய்ய 2025 ஆகஸ்டில் சர்வதேசச் சான்றிதழ் கிடைத்தது, வருஷத்துக்கு 35,000 டன் என்று திட்டம். மணலி ஆலையும் அதே இந்தியன் ஆயில் குழுமம்தானே மச்சான், இங்கேயும் ஏன் செய்யக் கூடாது? சென்னையில் எரிகிற சட்டிகளுக்குக் குறைச்சலா?

ஆனால் அளவைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. 2024-இல் உலகம் முழுக்க விமானங்கள் எரித்ததில் இந்த வகை எரிபொருள் 0.3 சதவீதம்தான். ஐரோப்பாவில் 2025-இலிருந்து 2 சதவீதம் கட்டாயம், 2030-இல் 6. நம் அரசு வெளிநாடு போகிற விமானங்களுக்கு 2027-இல் 1 சதவீதம், 2028-இல் 2 சதவீதம் என்று இலக்கு வைத்திருக்கிறது. விலையோ சாதாரண எண்ணெயைவிட ரொம்ப அதிகம். உலகத்தில் இருக்கிற பழைய எண்ணெயை எல்லாம் திரட்டினாலும் எல்லா விமானத்துக்கும் காணாது, கரும்புச் சக்கை, வைக்கோல், எத்தனால் என்று வேறு வழிகளுக்கும் போகத்தான் வேண்டும். அதனால்தான் உங்கள் அறிக்கையில் "ஆராய்ந்துவருகிறோம்" என்ற வார்த்தை வருகிற இடத்திலெல்லாம் எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷத்துக்கு, இத்தனை டன் வாங்கிக்கொள்கிறோம் என்று நீங்கள் ஒப்பந்தம் போட்டால்தான் ஆலை கட்டுகிறவனுக்கு வங்கி கடன் கொடுக்கும். ஆலை வந்தால் நீலக் கேன் பையன் டிவிஎஸ்காரரைவிட நல்ல விலை கொடுப்பான். தள்ளுவண்டியில் சாப்பிடுகிறவன் வயிறும் பிழைக்கும்.

மரம் நடுகிற பகுதியைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். டிக்கெட்டோடு கொஞ்சம் கூடுதல் பணம் கட்டினால் உங்கள் பயணத்தின் பாதிப்பு சரியாகிவிடும் என்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அந்த மாதிரி விளம்பரத்துக்காகத்தான் நெதர்லாந்தின் கேஎல்எம் விமான நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்கள், 2024 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் அது மக்களைத் தவறாக எண்ணவைக்கிறது என்று தீர்ப்புச் சொன்னது. மரம் நடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. எண்ணூரில் அலையாத்தி நடுவதற்கே எவ்வளவோ இடம் கிடக்கிறது. ஆனால் இன்றைக்கு எரித்த எண்ணெய்க்கும் இருபது வருஷம் கழித்து வளரப்போகிற மரத்துக்கும் நேராகிவிட்டது என்று கணக்கு முடிக்காதே.

இன்னொன்று. "ஒரு பயணிக்கு ஒரு கிலோமீட்டருக்கு" என்ற கணக்கில் உங்கள் உமிழ்வு வருஷா வருஷம் குறைவதாக வரைபடம் போட்டிருக்கிறீர்கள். ஏர்பஸ்ஸின் புது நியோ ரக விமானங்கள் பழையதைவிட 15 சதவீதத்துக்கு மேல் எண்ணெய் மிச்சம் பிடிக்கின்றன, தரையிறங்கிய பிறகு ஒரு எஞ்சினை அணைத்துவிட்டு ஓட்டிப் போகிறார்கள், எல்லாம் நல்லதுதான். ஆனால் 2023-இல் மட்டும் ஏர் இந்தியா 470 விமானமும் இண்டிகோ 500 விமானமும் ஆர்டர் கொடுத்தன. ஒவ்வொன்றும் குறைவாகக் குடித்தாலும் மொத்தம் ஏறத்தான் செய்யும். எங்கள் தெருவிலேயே முதல் முறை விமானம் ஏறின குடும்பங்கள் இப்போது எத்தனையோ, அவர்களைப் போகாதே என்று சொல்ல எனக்கு மனசு வராது. அதனாலேயே மொத்தக் கணக்கையும் பக்கத்திலேயே போடவேண்டும். ஏறினால் ஏறியது என்று எழுதட்டும்.

'சமூகப் பொறுப்பு' அத்தியாயத்தில் பெண் விமானிகள் பற்றி இருக்கிறது. இந்த விஷயத்தில் இந்தியா உலக சராசரியைவிட ரொம்ப மேலே, படிக்கப் பெருமையாக இருந்தது. ஆனால் அந்த அத்தியாயத்தில் பெட்டி ஏற்றுகிறவனைத் தேடினேன், இல்லை. என் அக்கா மகன் லோடராக இருக்கிறான், ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி மூலமாக. மே மாத மத்தியானத்தில் விமானத்தின் வயிற்றுக்குள் முட்டி போட்டு, தலை நிமிர்த்த முடியாத உயரத்தில், பெட்டிகளை இழுத்து இழுத்து அடுக்கவேண்டும். உள்ளே காற்று கிடையாது. ஒரு விமானம் முடிந்தால் அடுத்தது தயாராக நிற்கும், நிழலில் உட்காரக்கூட இடமில்லை. சம்பளம் பத்தாம் தேதிக்கு முன்னே வந்ததில்லை, பி.எஃப். சரியாகக் கட்டுகிறார்களா என்று கேட்டால் சூப்பர்வைசர் முறைக்கிறாராம். ஷிஃப்டுக்காக விடியற்காலை மூணு மணிக்கே கிளம்புகிறான், அந்த நேரத்தில் மெட்ரோவும் இல்லை, நாலு பேர் சேர்ந்து ஷேர் ஆட்டோ. அவன் உங்கள் ஏர்லைன்ஸின் ஆள் இல்லைதான், ஆனால் எந்த ஏர்லைன்ஸ் குறைந்த விலைக்கு டெண்டர் கேட்கிறதோ அதன் பாரம் கடைசியில் அவன் முதுகில்தான் இறங்குகிறது. எண்ணெய்க்குச் சொன்னதையே இதற்கும் சொல்கிறேன், ஒப்பந்தம் போடும்போதே நிழல், தண்ணீர், ஏழாம் தேதிக்குள் சம்பளம் என்று எழுதிப் போடலாம். இதற்கு ஆராய்ச்சி எதுவும் வேண்டாம்.

உன்னால் ஒரே வருஷத்தில் இத்தனையும் செய்ய முடியாது, தெரியும். லோடர்கள் விஷயத்தை முதலில் எடு, அதற்குப் பெரிய செலவில்லை, உன் மேலாளர் மறுக்கவும் மாட்டார். பசுமை எரிபொருளை எத்தனை டன், எந்த வருஷத்திலிருந்து வாங்கப்போகிறீர்கள் என்பதை விசாரித்து எனக்கு எழுது. நான் இங்கே எம்.சி. ரோட்டிலிருந்து கல்மண்டபம் வரைக்கும் இருக்கிற பலகாரக் கடைக்காரர்களிடம் பேச ஆரம்பித்திருக்கிறேன். எல்லாரும் சேர்ந்து ஒரே இடத்தில் எண்ணெயைக் கொடுத்தால் விலை கூட்டித் தருவதாக அந்தப் பையனின் முதலாளி சொல்லியிருக்கிறார். சிலர் சரி என்றார்கள், சிலர் யோசிக்கிறோம் என்றார்கள். பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா, அப்போது நீயும் கூட வந்து பேசு. பெரிய கம்பெனிக்காரன் வந்து சொன்னால் இன்னும் நாலு பேர் கேட்பார்கள். எண்ணூருக்கும் ஒரு நடை போய்விட்டு வரலாம், உன் மேலாளரையும் அழைத்துக்கொண்டு வர முடிந்தால் அழைத்து வா.

அன்புடன்,
உன் மச்சான்
தண்டையார்பேட்டை